கம்பிக்கு உள்ளே வந்த நேரம்

"வந்துட்டேன் மைனி, தெருமுனையிலதான் நிக்கேன்" என்று பிளம்பர் போனில் சொன்னபோது, மைனி வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தார். பிளம்பர் சொன்னது உண்மைதான். ஒரு கையில் போனும் மறு கையில் டீ கிளாஸுமாக அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"தெருமுனை என்ன எங்க வீட்டுக்குள்ளயா இருக்கு? உள்ள வந்து, பையக் கீழ வச்ச பொறவு வந்துட்டேன்னு சொல்லு."

நான் அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு மாடிக்கு வாடகைக்குக் குடிவந்திருந்தேன். வங்கி என்னைத் தென்காசிக்குத் தூக்கியடித்திருந்தது. மேலே நின்று இதைக் கேட்டதும், கறாரான பெண்மணி, நம் துணிகள் காற்றில் பறந்து அவர் வீட்டில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் பந்தயப் புறா வளர்க்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரிவதற்கு இன்னும் கொஞ்ச காலமும், என் மானத்தில் ஒரு பகுதியும் தேவைப்பட்டன.

பெயரைச் சொல்லப் போவதில்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்த அந்தத் தெருவே அவரை மைனி, அதாவது அண்ணி, என்றது. ராணுவத்திலிருந்த அவர் கணவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்கள் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? ஆனால் அண்ணாச்சி வருடத்தில் பத்து மாதம் எல்லையில் இருந்ததால், மைனியை வைத்துத்தான் அண்ணாச்சி என்று ஒருவர் இருப்பதே எங்களுக்கு நினைவு வரும். வீட்டின் முன்பக்கம் மாவு மில். காலை எட்டு முதல் மைனி அதில் நிற்பார். புருவம், காதோரம், போன் எல்லாவற்றிலும் மெல்லிய மாவு. அண்ணாச்சியின் பழைய கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டில், முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். மாவு படாமலிருக்க என்று நினைத்தேன். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்து வானத்தைப் பார்க்கும்போதும் கண்ணெதிரே நேரம் தெரிய வேண்டுமாம்.

எனக்குப் புறாக்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புத்தகங்களில் படித்தது. அவற்றில் புறா தூது போகும், சமாதானத்தைக் குறிக்கும், அரசர்களின் மடியில் வந்து விழும். ஒன்றில்கூட அது கம்பு தின்று எச்சமிடவில்லை. மைனியின் மாடியில் இருந்த நாற்பது புறாக்களும் இந்த இரண்டையும் ஓயாமல் செய்தன. மிச்ச நேரத்தில் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. சமாதானத்துக்கு இவற்றைச் சின்னமாக வைத்தவர் ஒருநாளாவது அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

பந்தயம் என்றதும் நானும் ஒரு மைதானத்தையும் கைதட்டலையும் கற்பனை செய்திருந்தேன். புறாப் பந்தயத்தை யாரும் பார்க்க முடியாது. கிளப்காரர்கள் எல்லோருடைய புறாக்களையும் ஒரே வண்டியில் ஏற்றித் திருச்சிக்கோ விழுப்புரத்துக்கோ கொண்டுபோய், விடிந்ததும் கூண்டைத் திறந்துவிடுவார்கள். புறாக்கள் தத்தம் வீட்டுக்குப் பறக்கும். மனிதர்கள் அவரவர் மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். கிளம்பும் முன் புறாவின் காலில் ஒரு ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். அதன் உள்பக்கம் யாருக்கும் தெரியாத ஓர் எண் இருக்கும். புறா வந்ததும் பிரித்துப் பார்த்து அந்த எண்ணைக் கிளப்பின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். அந்த நேரம்தான் வந்த நேரம். வீட்டுக்கு வீடு தூரம் மாறுவதால், தூரத்தை நேரத்தால் வகுத்து எது வேகமோ அதற்குப் பரிசு.

இதில்தான் ஒரு கொடுமை இருக்கிறது. பறந்து வந்த புறா கூரையில் உட்கார்ந்தால் அது வந்ததாகாது. கூட்டின் வாயில் மெல்லிய கம்பிகள் வரிசையாகத் தொங்கும். அவை உள்பக்கம் மட்டும்தான் ஆடும். புறா கூட்டு வாசலில் உள்ள பலகையில் இறங்கி, மார்பால் கம்பியைத் தள்ளிக்கொண்டு தானாக உள்ளே போக வேண்டும். கையால் பிடித்துப் போடக் கூடாது, வலை வீசக் கூடாது, கம்பால் விரட்டக் கூடாது. நானூறு கிலோமீட்டரை அரை நாளில் தாண்டி வந்த ஜீவன், கடைசி நாலடியில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருக்கும். கீழே அதன் சொந்தக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மற்றவர்கள் உயர்ந்த சாதிப் புறா, மருந்து, டானிக் என்று அலைந்தபோது, மைனி இந்த நாலடியில் மட்டும் கவனமாக இருந்தார்.

"ஆகாசத்துல பறக்கது அதுக பாடு சார். இந்த நாலடிதான் என் பாடு."

அதற்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய பால்பவுடர் டப்பா. அதில் ஒரு பிடி கம்பு தானியத்தைப் போட்டுக் குலுக்குவார். தினமும் இருவேளை புறாக்களைப் பறக்கவிட்டு, கூட்டுக்குள்ளிருந்து டப்பாவைக் குலுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிடத்துக்குள் கம்பியைத் தாண்டியவற்றுக்குத் தீனி. அறுபத்தோராவது விநாடி வந்தவை அடுத்த வேளைவரை மற்றதுகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாயால் ஒருநாளும் கூப்பிட மாட்டார்.

"பாவமில்லையா மைனி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாவந்தான். வெளிய சொகுசா உக்காந்து பழகிச்சுன்னா, மலைலருந்து வல்லூறு வந்து தூக்கிட்டுப் போவும். அது இத விடப் பாவம்."

இன்னொரு வழியும் உண்டு. பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது. வண்டி ஏறும் முன் ஐந்து நிமிடம் காட்டுவது. ஜோடியின் நினைப்பில் புறா நேராகக் கூட்டுக்குள் பாயும். ஒரு விடுமுறையில் அண்ணாச்சி இதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்களையும் சர்க்கார் இப்படித்தான் சார் பிரிச்சு வச்சிருக்கு. அதான் லீவு கெடச்சா பறந்து வாரேன்."

மைனி தலை நிமிராமல் கேட்டார்: "பறந்து வந்து எங்க உக்காந்திய? ஸ்டேஷன் டீக்கடையில."

நடந்தது இதுதான். அந்த விடுமுறைக்கு வந்த அன்று காலை அண்ணாச்சியின் ரயில் ஏழு பத்துக்கே வந்துவிட்டது. பழைய கூட்டாளிகளைப் பார்த்ததும் அவர் அங்கேயே நின்றுவிட்டார். "வந்துட்டேன்" என்று ஏழே காலுக்குப் போன். வீட்டுக்குள் கால் வைத்தது ஒன்பதே காலுக்கு. தட்டில் விழுந்த இட்லி ஆறியிருந்ததைப் பற்றி அவர் ஏதோ சொல்லப்போக, மைனியின் பதில் எங்கள் மாடிவரை கேட்டது: "ஒம்பதே காலுக்கு வந்த ஆளுக்கு ஏழு மணி இட்லி எப்படிச் சூடா இருக்கும்?"

கோபமே இல்லாத குரல். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அண்ணாச்சி அடுத்த விடுமுறையில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து ஏழு இருபத்தைந்துக்கு வீட்டுக்குள் இருந்தார்.

இப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான், நான் குடிவருவதற்கு முந்தைய ஆண்டு, கிளப் கூட்டத்தில் புளியங்குடிக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். அவர் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். ஐந்தாறு வருடமாக அவருடைய புறாவே முதலில் வந்துகொண்டிருந்தது. அந்த முறை மைனியின் புறா அவரை முந்திவிட்டது.

"தங்கச்சி, ஒன் புறா வந்து ரெக்கைய மடக்குமுன்ன நம்பர் வந்து விழுதே! மாடில வலை கிலை கட்டி வச்சிருக்கியா?"

முப்பது ஆண்கள் சிரித்தார்கள். மறுத்துச் சொல்ல மைனி பக்கம் யாரும் இல்லை. அவருடைய நேரம் சந்தேகத்துக்கு உரியது என்று ஒதுக்கப்பட்டது. அவர் எழுந்து சொன்னது ஒன்றே ஒன்று: "அடுத்த வருஷம் எங்க மாடில சாட்சி வைங்க. சாட்சி வச்சு ஜெயிச்சுக் காட்டுதேன்."

பரிசுக் கோப்பை அவருக்குப் பொருட்டே இல்லை. யாரோ ஒருவர் கூட நின்று பார்த்து, வலை இல்லை, கை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதத்தோடு ஒரே ஒரு பந்தயம் ஜெயிக்க வேண்டும். வருடம் முழுக்க மில்லில் மாவு அரைபடும் சத்தத்துக்கு நடுவில் அவர் இதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார்.

சாட்சியாக யாரைப் போடுவது என்று வந்தபோது என் பெயர் அடிபட்டது. புளியங்குடிக்காரர் உடனே ஒப்புக்கொண்டாராம். "அந்த பேங்க்காரரா? அவருக்குப் புறாவுக்கும் காக்காவுக்குமே வித்தியாசம் தெரியாது. அவரே போதும்." பதினெட்டு வருடம் வேலை பார்த்ததில் என் தகுதியை இவ்வளவு சரியாக எடைபோட்ட இன்னொருவரை நான் சந்தித்ததில்லை.

விதிகளைச் சொன்னார்கள். மலையடிவாரத்தில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே சாட்சி எழுதும் நேரமே இறுதி. புளியங்குடி வடக்கே இருப்பதால் அவருடைய புறாவுக்கு வழி குறைவு. அதற்கு ஈடாக, அவருடைய புறா உள்ளே போனதிலிருந்து ஏறக்குறைய இருபத்துமூன்று நிமிடத்துக்குள் எங்கள் புறா உள்ளே போனால் ஜெயிப்பது நாங்கள். 'எங்கள்' என்று எழுதிவிட்டேன். நடுநிலைமை முதல் நாளே போய்விட்டது.

முதல் பந்தயம் திருச்சியிலிருந்து. பத்து பதினொன்றுக்குப் புளியங்குடியிலிருந்து எண் வந்து விழுந்தது. பத்து முப்பத்துநான்குவரை எங்களுக்கு நேரம். நான் மைனி வீட்டு மாடிப்படி அறையின் நிழலில் பேனாவோடு நின்றேன். பத்து இருபத்தொன்பதுக்கு மைனி, "வருது" என்றார். எனக்கு மலையும் வெயிலும்தான் தெரிந்தன. சரியாகப் பார்க்க வேண்டும் என்ற கடமை உணர்வில் வெளியே வந்தேன். முடி இல்லாத தலை வெயில் தாங்காது என்பதால், குற்றாலச் சீசனுக்கு வாங்கிய பெரிய கறுப்புக் குடையை விரித்தேன்.

பலகைக்கு இறங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பெட்டைப் புறா, வல்லூறைக் கண்டது போல விலுக்கென்று மேலே போனது.

"சார், குடைய மடக்காதீங்க!"

அதற்குள் மடக்கிவிட்டேன். அந்த 'டப்' சத்தத்துக்குப் புறா இன்னொரு சுற்று சுற்றி, நான் குடியிருந்த வீட்டின் தண்ணீர்த் தொட்டிமேல் போய் உட்கார்ந்தது. மைனி உள்ளே போய் டப்பாவைக் குலுக்கினார். புறா என்னைப் பார்த்தது. நான் பாதி குனிந்த நிலையில் சிலையாக நின்றேன். முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு.

"மைனி," என்றேன் மெல்ல. "பத்து முப்பதுக்கே அது இறங்கியிருக்கும். கெடுத்தது நான். பத்து முப்பதுன்னு எழுதிடறேன். சாட்சி நான்தானே?"

"இப்ப எங்க உக்காந்திருக்கு?"

"எங்க வீட்டுத் தொட்டி மேல."

"அப்பம் ஒங்க வீட்டுக்கு வந்திருக்கு. எங்க வீட்டுக்கு இன்னும் வரல."

பத்து முப்பத்தொன்பதுக்குத்தான் அது கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. பத்து முப்பத்தொன்பது என்றே எழுதி வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மோர் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் மாலை வங்கியிலிருந்து திரும்பியதும் மைனியின் குரல்: "சார், மாடிக்கு வாங்க."

கூட்டுக்கு முன்னால், பலகையிலிருந்து நாலடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

"இங்கன உக்காருங்க. அடுத்தது விழுப்புரம். இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள அதுக ஒங்களுக்குப் பழகணும்."

"சாட்சியை மாத்திடலாமே மைனி?"

"சாட்சிய மாத்துனா புளியங்குடி அண்ணாச்சி அதுக்கும் ஒண்ணு சொல்லுவாரு. சாட்சி நீங்கதான். மாறப்போறது புறா."

ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் நான் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். அசையக் கூடாது, இருமக் கூடாது, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டக் கூடாது. பக்கம் புரளும் சத்தம் சிறகடிப்பு மாதிரி இருக்கிறதாம். முதல் நாலைந்து நாள் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. அந்த வேளைக்கு அத்தனையும் பட்டினி. நாற்பது ஜோடிக் கண்கள் என்னைக் குற்றம்சாட்டின. இரண்டாம் வாரம் பலகைக்கு வந்தன. மூன்றாம் வாரம் என் செருப்பின்மீது நடந்தன. வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு மேசை நாற்காலி அளவுக்கு மதிக்கப்பட்டுப் பழகியவன்தான் என்பதால், எனக்கு இந்த வேலை இயல்பாகவே வந்தது.

அந்த மூன்றாம் வாரத்தில்தான் நான் தப்பு செய்தேன். மில்லில் ஆள் வந்து மைனி கீழே போயிருந்த ஒரு மாலை, சாம்பல் பெட்டை பறந்து வந்து என் தலைமேல் உட்கார்ந்தது. குளிர்ந்த சிறு கால்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் தலையை அவ்வளவு மரியாதையாக யாரும் தொட்டதில்லை. சட்டைப் பையில் வறுத்த நிலக்கடலை இருந்தது. மெதுவாக இரண்டு எடுத்து நீட்டினேன். மறுநாளும் மைனி கீழே போகும்வரை காத்திருந்து நீட்டினேன். அதற்கடுத்த நாளும். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. சொல்லவில்லை.

விழுப்புரம் பந்தயத்தன்று பன்னிரண்டு முப்பத்தாறுக்குப் புளியங்குடி எண் விழுந்தது. பன்னிரண்டு ஐம்பத்தொன்பதுவரை எங்களுக்கு அவகாசம். குடை இல்லை, புத்தகம் இல்லை, நாற்காலியில் நான். தளம் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது. கீழ்க்காற்று பலமாக அடித்ததால், புறாக்கள் கணவாய் வழியாக மலையைத் தாண்டிப் போய்விடுமோ என்று மைனி இரண்டு முறை சொன்னார். ஐம்பது ஆயிற்று. ஐம்பத்துநான்கு. மணிக்கட்டை நெற்றியில் வைத்தபடி அவர் இமைக்காமல் நின்றார்.

"வருது."

ஐம்பத்தாறுக்குச் சாம்பல் பெட்டை சுற்றாமல், தயங்காமல், நேராக இறங்கியது. என் தலைமேல்.

புறா என் மண்டையில் எதையோ தேடிக் கொத்தியது.

"கடலை குடுத்தீகளா?" என்றார் மைனி, உதடு அசையாமல்.

"ரெண்டே ரெண்டு."

"எத்தன நாளா?"

"பத்து."

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் புறா. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எந்திரிங்க. மெதுவா. தலைய ஆட்டாம நாலு எட்டு வைங்க."

வைத்தேன். ஐம்பத்தேழு.

"குனிங்க. பலகைல நெத்திய வைங்க."

வைத்தேன். மூக்குக்கு நேரே எச்சம். எந்தக் கோயிலிலும் நான் இவ்வளவு பணிவாக நின்றதில்லை. மைனி பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டுக்குள் போனார். டப்பா குலுங்கியது, ஒரே தடவை. உச்சந்தலையிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து பலகைக்கு அந்தக் கால்கள் நடந்து இறங்கின. கம்பிகள் கிலுங்கின.

"பன்னெண்டு அம்பத்தெட்டு" என்றார் உள்ளேயிருந்து. எண்ணைப் பிரித்துக் குழுவில் போட்டார். சிக்னல் இருந்தது. ஒரு நிமிடம் மிச்சம் வைத்து ஜெயித்துவிட்டோம்.

நான் காகிதத்தை எடுத்தேன். பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கிற வாக்கியம் எழுதுவது வங்கியில் எனக்குக் கைவந்த கலை. 'புறா கூட்டின் அருகே இறங்கி, வலையோ கையோ படாமல் உள்ளே சென்றது' என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

மைனி படித்தார். "எங்க இறங்கிச்சு?"

"கூட்டுக்கு அருகே..."

"தலைன்னு எழுதுங்க."

"மைனி, இதை எழுதினா சாட்சியே புறாவைத் தூக்கிட்டு வந்தான்னு ஒதுக்கிடுவாங்க. ஒரு வருஷமா இந்தக் காகிதத்துக்காகத்தானே..."

"ஆமா, இந்தக் காகிதத்துக்காகத்தான். தலைன்னு எழுதுங்க. நாலு எட்டு நடந்தத எழுதுங்க. கடலையையும் எழுதுங்க."

எழுதினேன். கடலை என்பதை மட்டும் ஒருமுறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அவர் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, போனை நாற்காலியில் வைத்தார். குழுவில் ஒரு கட்டைவிரல் படம்கூட வரவில்லை. நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பேரும் எங்கோ சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது.

பத்து நிமிடம் கழித்துப் புளியங்குடிக்காரரிடமிருந்து ஒரு குரல் செய்தி. மைனி அதைச் சத்தமாகப் போட்டார். பின்னணியில் லாரியில் மூட்டை ஏற்றும் கூச்சல்.

"தங்கச்சி, ரூல்ல கை, வலை, கம்பு, மூணுதான் இருக்கு. தலைன்னு எங்கயும் இல்ல. அதுவா நடந்து உள்ள போயிருக்கு, செல்லும். ஜெயிச்சது நீதான்." மூட்டைக்காரர்களை ஏதோ அதட்டிவிட்டுத் தொடர்ந்தார். "இன்னொண்ணு. போன வருஷம் வலைன்னு சொன்னேம்லா, அத எல்லாரும் கேக்கவே வாபஸ் வாங்குதேன். கடலை வரைக்கும் எழுதி அனுப்புத பொம்பள வலை கட்டியிருக்க மாட்டா. அந்த வருஷத்து நேரமும் ஒனக்குத்தான்."

முடிந்ததும் மைனி இன்னொரு முறை போட்டுக் கேட்கவில்லை. கன்னத்து மாவில் ஈரமாக ஒரு கோடு விழுந்தது. வியர்வை என்று சாட்சி எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன்; அன்று அவ்வளவு வெயில்.

"மைனி," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவர் தோளில் கிடந்த துண்டை உருவி என்னிடம் நீட்டினார். கண் அதற்குள் வானத்துக்குப் போய்விட்டது.

"இன்னும் மூணு புறா வரணும் சார். தலைய மூடுங்க."